ஒழுங்கு நடவடிக்கைக் குழுவில் முதல்முறை உட்காரும் ஆசிரியருக்கு

கல்லூரியின் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவில் உங்கள் பெயரையும் சேர்த்துச் சுற்றறிக்கை வந்திருக்கிறது. பாடம் நடத்தத் தெரியும், விடைத்தாள் திருத்தத் தெரியும். ஆனால் ஒரு மாணவர் தப்பு செய்தாரா இல்லையா என்று தீர்மானிக்க நமக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. முதல் வழக்கின் ஃபைல் கைக்கு வந்ததும் பெரும்பாலோர் புகாரைப் படிக்கும்போதே மனசுக்குள் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். அப்புறம் நடக்கிற விசாரணை, ஏற்கெனவே எடுத்த முடிவுக்குச் சாட்சி தேடுகிற வேலையாகிவிடுகிறது. முதல் வருடம் நானும் அப்படித்தான் இருந்தேன். பல வருடம் அந்த மேசையில் உட்கார்ந்த பிறகு நான் பிடித்துக்கொண்ட ஒழுங்கைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். கையில் கடிதம் வாங்கிய மாணவரும் இதைப் படிக்கலாம். தனக்கு என்னவெல்லாம் கிடைத்தாக வேண்டும் என்று அவருக்கும் தெரிந்திருப்பது நல்லது.

தொடங்கும் முன் ஒரு பழைய வழக்கு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1718-இல் ரிச்சர்ட் பென்ட்லி என்ற அறிஞரின் பட்டங்களைப் பறித்தது. பல்கலைக்கழக நீதிமன்றத்தை அவமதித்தார் என்பது காரணம். ஆனால் அவரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. 1723-இல் வழக்கு லண்டனில் தீர்ப்புக்கு வந்தபோது நீதிபதிகளில் ஒருவர் ஏதேன் தோட்டத்துக்கே போய்விட்டார்: ஆதாமைத் தண்டிக்கும் முன் கடவுளே அவனைக் கூப்பிட்டு, 'நீ எங்கே இருக்கிறாய், அந்தக் கனியைத் தின்றாயா' என்று கேட்டார், ஏவாளிடமும் கேட்டார். எல்லாம் தெரிந்தவரே கேட்டிருக்கிறார். பென்ட்லிக்குப் பட்டங்கள் திரும்பக் கிடைத்தன. உங்கள் வேலையின் அடிப்படை இதுதான்: முதலில் கேட்பது, அப்புறம் தீர்ப்பு.

முதல் படி: இது நம்மிடம் வரவேண்டிய புகாரா?

வருகிற எல்லாமே இந்தக் குழுவுக்கு உரியவை அல்ல. வகுப்பில் போன் பார்த்தார், தாமதமாக வந்தார் என்பதெல்லாம் துறைத் தலைவர் மட்டத்தில் பேசி முடிக்க வேண்டியவை. பாலியல் துன்புறுத்தல் புகாரை நீங்கள் தொடவே கூடாது. அதற்குப் பல நாடுகளில் தனி அமைப்பு உண்டு. இந்தியாவில் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளகப் புகார்க் குழு இருக்கிறது. ராகிங், அடிதடி, போதைப்பொருள் போன்றவற்றில் போலீஸுக்குத் தெரிவிக்கும் கடமை கல்லூரிக்கு இருக்கலாம். 'நாங்களே உள்ளே பேசித் தீர்த்துக்கொள்கிறோம்' என்று மூடி வைப்பது, பாதிக்கப்பட்டவரை இரண்டாம் முறை காயப்படுத்துவது.

விதிப் புத்தகத்தை எடுத்து, புகாரில் சொல்லப்படும் செயல் எந்த விதியின் கீழ் வருகிறது என்று பாருங்கள். எந்த விதியிலும் வரவில்லை என்றால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடலாம். 'கல்லூரியின் நற்பெயருக்குக் களங்கம்' என்று ஒரு பொதுவான விதி எல்லா இடத்திலும் இருக்கும். வேறு எதுவும் பொருந்தாதபோது அதைக் கையில் எடுக்கும் பழக்கத்துக்கு இடம் கொடுக்காதீர்கள்.

இரண்டாம் படி: நீங்கள் அங்கே உட்காரலாமா?

புகார் கொடுத்தவர் உங்கள் துறைக்காரரா? அந்த மாணவருக்கு நீங்கள்தான் வகுப்பாசிரியரா? சம்பவத்தை நேரில் பார்த்தீர்களா? ஒன்றுக்கு ஆம் என்றாலும் தலைவரிடம் எழுத்தில் சொல்லி விலகிக்கொள்ளுங்கள். புகார் சொல்பவர், விசாரிப்பவர், தீர்ப்புச் சொல்பவர் மூவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. சின்னக் கல்லூரிகளில் ஆள் பற்றாக்குறை இருக்கும், எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். அங்கேயும் தேர்வில் காப்பியடித்ததைப் பிடித்த கண்காணிப்பாளர் சாட்சியாகத்தான் வரவேண்டும், குழுவின் நாற்காலியில் உட்காரக் கூடாது.

மூன்றாம் படி: ஆதாரத்தைக் கையோடு எடுத்து வையுங்கள்

சிசிடிவி பதிவுகள் சில வாரங்களில் தானாக அழிந்து, அவற்றின் மேல் புதுப் பதிவு ஏறிவிடும். குழு கூடுகிற தேதி வரைக்கும் காத்திருந்தால் ஒன்றும் மிஞ்சாது. புகார் வந்த அன்றே, சம்பவ நேரத்துக்கு முன்னும் பின்னும் சேர்த்து ஒரு மணி நேரப் பதிவைத் தனியாக எடுத்து வைக்கச் சொல்லுங்கள். ஸ்கிரீன்ஷாட் வந்தால் அது மட்டும் போதும் என்று நினைக்காதீர்கள். போனிலேயே முழு உரையாடலையும் பாருங்கள். கிண்டலுக்குச் சொன்னதும் மிரட்டிச் சொன்னதும் வெட்டி எடுத்த ஒரு வரியில் ஒரே மாதிரி தெரியும். அதற்கு மேலே என்ன பேசினார்கள் என்று பார்த்தால்தான் புரியும்.

தேர்வறையில் துண்டுத்தாள் பிடிபட்டால் அதன் பின்பக்கத்தில் நேரம், அறை எண், கண்காணிப்பாளர் கையெழுத்து, மாணவர் கையெழுத்து ஆகியவை வேண்டும். மாணவர் கையெழுத்துப் போட மறுத்தால் 'மறுத்தார்' என்று எழுதி, அருகில் இருந்த இன்னொருவர் கையெழுத்திட வேண்டும். இதைச் செய்யாமல் மூன்று வாரம் கழித்து ஒரு கசங்கிய தாளை மேசையில் வைத்தால், அது யாருடையது என்று யாராலும் சொல்ல முடியாது.

சாட்சிகளிடம் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். ஒரே மேசையில் நால்வரை உட்கார வைத்து எழுதச் சொன்னால் நான்கு கடிதத்திலும் ஒரே வாக்கியம்தான் இருக்கும்.

இந்தக் கட்டத்தில் சில நேரம் மாணவரைத் தற்காலிகமாக இடைநீக்கம் செய்ய வேண்டி வரும். யாருக்காவது ஆபத்து இருக்கிறதென்றால், சாட்சிகளை மிரட்டுகிறார் என்றால் செய்யலாம். ஆனால் அது தண்டனை ஆகாது. நாள் குறித்து, காரணம் எழுதி, சீக்கிரம் முடிக்க வேண்டும். 'விசாரணை முடியும் வரை' என்று முடிவில்லாமல் விட்டால், குற்றமில்லை என்று தெரியவரும்போது அவருக்கு ஒரு செமஸ்டர் போயிருக்கும். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1975-இல் பள்ளி மாணவர்களின் வழக்கு ஒன்றில், 10 நாள் வரையிலான இடைநீக்கத்துக்கே குற்றச்சாட்டைச் சொல்லி, மாணவர் தன் தரப்பைச் சொல்ல இடம் கொடுத்தாக வேண்டும் என்றது.

நான்காம் படி: விளக்கம் கேட்கும் கடிதம்

வழக்கின் தரம் இந்தக் கடிதத்திலேயே தெரிந்துவிடும். நான் பார்த்த பல கடிதங்கள் இப்படி இருக்கும்:

'நீங்கள் தேர்வில் முறைகேடாக நடந்துகொண்டதாகத் தெரியவருகிறது. உங்கள் மீது ஏன் கடும் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதற்கு 24 மணி நேரத்துக்குள் விளக்கம் அளிக்கவும்.'

இதை வாங்கும் மாணவர் எதற்குப் பதில் எழுதுவார்? எந்தத் தேர்வு, என்ன முறைகேடு, யார் சொன்னது என்று எதுவும் இல்லை. 'ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது' என்ற வரியிலேயே குற்றம் முடிவாகிவிட்டது. இதையே இப்படி எழுதிப் பாருங்கள்:

'மார்ச் 12 அன்று காலை 10.40 மணிக்கு, 204-ஆம் அறையில் நடந்த கணிதத் தேர்வின்போது, உங்கள் விடைத்தாளுக்கு அடியில் கையால் எழுதிய துண்டுத்தாள் ஒன்று இருந்ததாகக் கண்காணிப்பாளர் எழுத்தில் தெரிவித்துள்ளார். இது தேர்வு விதி 7-இன் கீழ் வரும் குற்றச்சாட்டு. கண்காணிப்பாளரின் அறிக்கை நகலும் துண்டுத்தாளின் நகலும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. குற்றச்சாட்டு நிரூபணமானால் அந்தத் தாள் ரத்தாவது முதல் ஒரு பருவம் தேர்வெழுதத் தடை வரை தண்டனை இருக்கலாம். ஏழு நாளுக்குள் எழுத்தில் பதில் தரலாம். விசாரணைக்கு உங்களுக்குத் துணையாக ஒருவரை அழைத்து வரலாம். உங்கள் தரப்புச் சாட்சிகளின் பெயரையும் தரலாம்.'

நாள், நேரம், இடம், செயல், விதி, ஆதாரம், தண்டனையின் எல்லை, பதில் சொல்லக் கால அவகாசம். இவற்றில் ஒன்று குறைந்தாலும் கடிதத்தைத் திருப்பி அனுப்பி மாற்றி எழுதச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. புது உறுப்பினர் என்று தயங்க வேண்டாம்.

'எங்கள் விதியில் விசாரணை வைக்கச் சொல்லி எங்கும் எழுதவில்லையே' என்று சிலர் சொல்வார்கள். இந்திய உச்ச நீதிமன்றம் 1962-லேயே இதற்குப் பதில் சொல்லிவிட்டது. உத்தரப் பிரதேசத் தேர்வு வாரியம் மூன்று மாணவர்களின் தேர்ச்சியை முறைகேடு என்று சொல்லி, அவர்களைக் கேட்காமலேயே ரத்து செய்திருந்தது. விதி மௌனமாக இருந்தாலும், ஒருவரின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் குழு அவரைக் கேட்டுத்தான் ஆகவேண்டும் என்றது தீர்ப்பு. முந்தைய ஆண்டு, 1961-இல், அமெரிக்காவின் அலபாமா மாநில வழக்கு ஒன்றிலும் இதே மாதிரி தீர்ப்பு வந்திருந்தது. நிறவெறிக்கு எதிராக ஒரு சிற்றுண்டிச் சாலையில் உட்கார்ந்து போராடிய கறுப்பின மாணவர்களை அவர்களுடைய அரசுக் கல்லூரி நோட்டீஸ் கூட இல்லாமல் வெளியேற்றியது. மேல்முறையீட்டு நீதிமன்றம் அது செல்லாது என்றது.

மன்னிப்புக் கடிதம் பற்றிக் கொஞ்சம் விரிவாக

இது தனிப் படி இல்லை. ஆனால் நான் பார்த்த அநியாயங்களில் பாதி இதன் வழியாகத்தான் வந்தன. சம்பவம் நடந்த அன்றே யாராவது மாணவரை அறைக்குக் கூப்பிட்டு, 'எழுதிக் கொடுத்துட்டுப் போ, பெரிசாக்க மாட்டோம்' என்று சொல்லி ஒரு கடிதம் வாங்கிவிடுவார்கள். சில நாளில் அந்தக் கடிதம் ஃபைலின் முதல் பக்கமாக, ஒப்புதல் வாக்குமூலமாக, நம் முன்னால் இருக்கும். 'அவனே ஒத்துக்கிட்டானே, இன்னும் என்ன விசாரணை?' என்று கேள்வியும் வரும்.

நான் இருந்த ஒரு குழுவில் ஆய்வகக் கருவி ஒன்று உடைந்த வழக்கு வந்தது. மாணவர் அழகான கையெழுத்தில் மன்னிப்புக் கேட்டு எழுதியிருந்தார்: மாலை நாலு மணிக்குக் கவனக் குறைவால் கருவியைக் கீழே போட்டுவிட்டேன், இனி இப்படி நடக்காது. நஷ்ட ஈடு எவ்வளவு போடுவது என்பது வரைக்கும் நாங்கள் பேசிவிட்டோம். கடைசியில் ஓர் உறுப்பினர், சும்மா ஒரு சரிபார்ப்புக்காக, நூலக வாயில் பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார். அந்த நாலு மணிக்கு அந்த மாணவர் நூலகத்தில் இருந்தார். உள்ளே போன நேரம் 3.25, வெளியே வந்த நேரம் 5.10. அப்புறம் ஏன் எழுதிக் கொடுத்தீர்கள் என்று கேட்டோம். 'எழுதலைன்னா வீட்டுக்குச் சொல்வோம்னு சொன்னாங்க சார். எழுதினா இதோட முடிஞ்சிடும்னு நினைச்சேன்' என்றார்.

அதிலிருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். மன்னிப்புக் கடிதம் ஃபைலில் இருந்தால் மாணவரிடம் மூன்று கேள்வி கேட்பேன். இதை எப்போது எழுதினீர்கள்? பக்கத்தில் யார் இருந்தார்கள்? எழுதினால் என்ன நடக்கும் என்று சொன்னார்கள்? பதிலை அப்படியே குறிப்பில் எழுதச் சொல்வேன். உண்மையான ஒப்புதல் என்றால் மாணவர் தயங்காமல் சொல்லிவிடுவார். பயத்தில் எழுதியது என்றால் இந்தப் பதில்களிலேயே அது தெரியவரும். அப்போது கடிதத்தை ஓரமாக வைத்துவிட்டு மற்ற ஆதாரத்தைப் பாருங்கள்.

ஐந்தாம் படி: விசாரணை நாள்

அறையிலிருந்து தொடங்குங்கள். ஐந்து பேர் வரிசையாக உட்கார்ந்திருக்க எதிரே ஒரு பையனோ பெண்ணோ நின்றுகொண்டு பதில் சொல்கிற காட்சியை முதலில் மாற்றுங்கள். நாற்காலி கொடுங்கள், மேசையில் தண்ணீர் வையுங்கள். குழுவினர் யார் யார் என்று சொல்லுங்கள். அடுத்து என்ன நடக்கும் என்பதை இரண்டு நிமிடம் விளக்குங்கள்.

வகுப்பில் நாம் மாணவர்களை 'நீ' என்று கூப்பிடுவோம். விசாரணை அறையில் 'நீங்கள்' என்று பேசுங்கள். புகார் கொடுத்தவருக்கும் அதே 'நீங்கள்'தான். ஒருவரை 'வாங்க, உட்காருங்க' என்றும் இன்னொருவரை 'சொல்லு' என்றும் கூப்பிட்டால், முடிவு என்ன என்பது முதல் நிமிடத்திலேயே எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

முதல் கேள்வி திறந்ததாக இருக்கட்டும்: 'அன்றைக்கு என்ன நடந்தது, உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்.' இடையில் பேசாதீர்கள். மாணவர் நிறுத்தினாலும் பத்து விநாடி காத்திருங்கள். முக்கியமான விஷயம் பெரும்பாலும் அந்த மௌனத்துக்குப் பிறகுதான் வரும். 'நீங்கள்தானே கதவை உதைத்தீர்கள்?' என்பது கேள்வியே இல்லை. 'கதவு எப்படி உடைந்தது?' என்று கேளுங்கள். 'நல்ல குடும்பத்திலிருந்து வந்துட்டு இப்படிச் செய்யலாமா?' என்ற அறிவுரைக்கு இந்த அறையில் இடமில்லை. மாணவர் அழுதால் ஐந்து நிமிடம் இடைவேளை விடுங்கள். அழுவதும் அழாமல் இருப்பதும் எதையும் நிரூபிப்பதில்லை. கண்ணைப் பார்த்துப் பேசாதவர் பொய் சொல்கிறார் என்ற நம்பிக்கையையும் வெளியே விட்டுவிட்டு வாருங்கள்.

சாட்சிகளை ஒவ்வொருவராக அழையுங்கள். சொல்லி முடித்தவர் காத்திருப்பவர்களோடு பேசாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். மாணவர் சாட்சியிடம் கேள்வி கேட்க விரும்பினால் தலைவர் வழியாகக் கேட்க விடலாம். இதில் ஒரு சிக்கல் உண்டு. சாட்சி பயந்திருந்தால் என்ன செய்வது? 1972-இல் ராஞ்சியில் ஒரு மருத்துவக் கல்லூரியின் பெண்கள் விடுதிக்குள் இரவில் சில மாணவர்கள் நுழைந்து தகாத முறையில் நடந்ததாகப் புகார் வந்தது. விசாரித்த குழு மாணவிகளிடம் தனியாக வாக்குமூலம் வாங்கியது. அப்புறம் அந்த மாணவர்களை அழைத்து, குற்றச்சாட்டைச் சொல்லி, விளக்கம் கேட்டது. நேருக்கு நேர் குறுக்கு விசாரணை இல்லை என்று அவர்கள் வழக்குப் போட்டபோது, 1973-இல் உச்ச நீதிமன்றம் குழுவின் பக்கம் நின்றது. இயற்கை நீதி, அதாவது ஒருவரைக் கேட்டு, பாரபட்சமில்லாமல் தீர்மானிக்க வேண்டும் என்ற அடிப்படை விதி, எல்லாச் சூழலுக்கும் ஒரே அச்சில் வார்த்தது அல்ல என்பது அதன் பார்வை. ஆக, சாட்சியின் பெயரை மறைக்கலாம், சூழலைப் பொறுத்து. சாட்சி என்ன சொன்னார் என்பதை மறைக்கக் கூடாது. குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தெரியாத ஓர் ஆதாரத்தை வைத்து முடிவெடுக்கவே கூடாது.

முழுவதையும் பதிவு செய்யுங்கள், அல்லது ஒருவர் எழுதட்டும். முடிந்ததும் எழுதியதைப் படித்துக் காட்டி மாணவரின் கையெழுத்தை வாங்குங்கள்.

மென்பொருள் சொல்வதை எவ்வளவு நம்புவது?

கட்டுரைத் திருட்டு வழக்குகளில், கட்டுரை மற்றவர்களின் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்க்கும் மென்பொருளிலிருந்து 'ஒற்றுமை 38 சதவீதம்' என்று ஓர் அறிக்கை வரும். அது தீர்ப்பு அல்ல. மேற்கோள்களும் நூற்பட்டியலும் சேர்ந்தே அந்த எண் ஏறியிருக்கலாம். 6 சதவீதத்துக்குள் ஒரு முழுப் பத்தித் திருட்டும் இருக்கலாம். அறிக்கையைத் திறந்து வரி வரியாகப் பாருங்கள்.

செயற்கை நுண்ணறிவு எழுதியதைக் கண்டுபிடிக்கும் கருவிகள் இன்னும் பலவீனமானவை. ஓப்பன் ஏஐ நிறுவனம் தானே வெளியிட்ட அப்படிப்பட்ட கருவியை, துல்லியம் போதாது என்று 2023 ஜூலையில் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு வந்த ஸ்டான்ஃபோர்ட் ஆய்வில், ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் சொந்தமாக எழுதிய டோஃபெல் (ஆங்கிலத் திறன் தேர்வு) கட்டுரைகளில் பாதிக்கு மேல் இயந்திரம் எழுதியவை என்று இந்தக் கருவிகள் சராசரியாகக் குறித்தன. நம் மாணவர்கள் பெரும்பாலும் அந்த வகையில்தான் வருவார்கள். கருவியின் எண்ணை மட்டும் வைத்து யாரையும் தண்டிக்காதீர்கள். மாணவரை உட்கார வைத்து, கட்டுரையின் முன்வரைவுகளைக் காட்டச் சொல்லுங்கள். இரண்டாம் பத்தியில் என்ன சொல்ல வந்தீர்கள் என்று கேளுங்கள். எழுதியவருக்குப் பதில் தெரியும்.

ஆறாம் படி: இரண்டு கேள்வி, இரண்டு தனித்தனி நேரம்

மாணவரை வெளியே அனுப்பிய பிறகு குழு கலந்து பேசும். முதல் கேள்வி: இது நடந்ததா? இரண்டாவது: நடந்தது என்றால் என்ன செய்வது? இரண்டையும் கலக்காதீர்கள். 'பாவம், கடைசி வருஷம்' என்பதும் 'இவன் மேல ஏற்கெனவே ஒரு புகார் இருக்கு' என்பதும் இரண்டாவது கேள்விக்கு உரியவை. பழைய ஃபைலை முதல் கேள்வி முடியும் வரை திறக்காமல் வைத்திருப்பது நல்ல வழக்கம்.

குற்றவியல் நீதிமன்றத்தில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். பெரும்பாலான கல்லூரி விதிகளில், 'நடந்திருக்க வாய்ப்பு அதிகம்' என்ற அளவு போதும். போதும் என்பதால் லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். படிப்பே போகக்கூடிய வழக்கில் ஆதாரமும் அந்த எடைக்கு இருக்க வேண்டும்.

பேசும்போது வயதில், பதவியில் இளையவர் முதலில் சொல்லட்டும். ராணுவ நீதிமன்றங்களில் இது பழைய வழக்கம். முதல்வரோ டீனோ முதலில் கருத்துச் சொல்லிவிட்டால் மற்றவர்கள் தலையாட்டுவதோடு சரி.

ஏழாம் படி: தண்டனை

எச்சரிக்கை, நஷ்ட ஈடு, அந்தத் தாளுக்குப் பூஜ்யம், விடுதியிலிருந்து நீக்கம், சில வாரம் அல்லது ஒரு பருவம் இடைநீக்கம், கடைசியாக டிஸ்மிஸ். செயல் திட்டமிட்டதா, அந்த நேரக் கோபமா? யாருக்கு என்ன பாதிப்பு? முதல்முறையா? முன்பு இதே மாதிரி வழக்கில் என்ன கொடுத்தோம்? கடைசிக் கேள்விக்காக, பெயரை மறைத்துப் பழைய முடிவுகளை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். ஒரே குற்றத்துக்குப் போன வருடம் எச்சரிக்கையும் இந்த வருடம் ஒரு பருவத் தடையும் கொடுத்தால், அதற்குக் காரணம் சொல்ல வேண்டியது குழுதான்.

குற்றத்தை மறுத்தார் என்பதற்காகத் தண்டனையைக் கூட்டாதீர்கள். மறுப்பது அவருடைய உரிமை. எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்க வைப்பது, அறிவிப்புப் பலகையில் பெயர் போடுவது இரண்டும் எந்த விதியிலும் இல்லாத தண்டனைகள். அவற்றை எதிர்த்து நில்லுங்கள்.

எட்டாம் படி: உத்தரவும் மேல்முறையீடும்

'குழு கவனமாகப் பரிசீலித்து முடிவு செய்தது' என்று எழுதினால் போதாது. என்ன குற்றச்சாட்டு, மாணவர் என்ன சொன்னார், எந்த ஆதாரத்தை ஏற்றோம், எதை ஏன் ஏற்கவில்லை, அதனால் என்ன முடிவு: இவ்வளவும் ஒரு பக்கத்தில் அடங்கும். குற்றம் நிரூபணமாகவில்லை என்றாலும் அதையும் இதே தெளிவோடு எழுதிக் கொடுங்கள். புகார் கொடுத்தவருக்கும் அவருக்குத் தெரியவேண்டிய அளவுக்குச் சொல்லுங்கள். மேல்முறையீடு யாரிடம், எத்தனை நாளுக்குள் என்பது அதே தாளில் இருக்க வேண்டும். அதைக் கேட்பவர்கள் முதல் குழுவில் இல்லாதவர்களாக இருக்க வேண்டும். நடைமுறையில் தவறு, புது ஆதாரம், மிகையான தண்டனை ஆகிய மூன்றும்தான் மேல்முறையீட்டுக்கு வழக்கமான காரணங்கள்.

உத்தரவை வெள்ளிக்கிழமை சாயங்காலம் மின்னஞ்சலில் அனுப்பிவிட்டுப் போகாதீர்கள். கடுமையான முடிவை ஒரு மாணவர் விடுதி அறையில் தனியாகப் படிக்கும்படி விடுவது ஆபத்து. வாரத்தின் நடுவில், காலையில், மாணவர் நம்பும் ஓர் ஆசிரியரோ மனநல ஆலோசகரோ பக்கத்தில் இருக்கும்போது நேரில் கொடுங்கள். படித்து முடிக்கும் வரை உடன் இருங்கள். அடுத்து யாரைப் பார்க்க வேண்டும், யாருக்குப் போன் செய்யலாம் என்று ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கையில் கொடுங்கள். கொடுத்த நேரத்தை ஃபைலில் குறித்துக்கொள்ளுங்கள். மேல்முறையீட்டுக்கான நாள் அப்போதிலிருந்துதான் ஓடத் தொடங்கும்.